மூலைக்காரருக்கு வந்த பாராட்டு

‘காட்டெருமைகள்’ என்ற ஹார்டு ராக் இசைக்குழுவைத் திட்டாத விமர்சகர் இன்னும் பிறக்கவில்லை. இளவயதில் இரைச்சல் என்றார்கள். நடுவயதில் பழைய இரைச்சல் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று சிரித்துவிட்டு, நால்வரும் அடுத்த ஊருக்கு வேன் ஏறிவிடுவார்கள். வசவு அவர்களை ஒன்றும் செய்ததில்லை. அறுபதைத் தாண்டிய பிறகு வெளியிட்ட புது ஆல்பத்துக்கு வந்த ஒரு பாராட்டுதான் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

பாராட்டு வந்தது பேஸ் கிட்டார் வாசிப்பவருக்கு. மேடையில் எப்போதும் டிரம்ஸுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்பதால் அவருக்கு மூலை என்றே பெயர். ரசிகர்கள் எடுக்கும் படங்களில் அவருடைய முழங்கை மட்டும் விழும். அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. முன்னால் நின்று துள்ளுவதெல்லாம் லீட் கிட்டார்காரரின் வேலை. அவர் மூலையின் பள்ளித் தோழர். அவர் தங்கையையே மூலை கட்டிக்கொண்டதால் மச்சானும் ஆனவர்.

ஆல்பம் வெளியான வாரம், சமையலறையில் காப்பி ஆறிக்கொண்டிருக்க, மனைவி போனில் வந்த விமர்சனத்தைச் சத்தமாகப் படித்தாள். பாடகருக்குக் குரல் கட்டிவிட்டதாம். லீட் கிட்டார் சுவரில் ஓட்டை போடும் மெஷின் மாதிரி இருக்கிறதாம். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“‘இந்த ஆல்பத்துல மூச்சு விடறது பேஸ் மட்டும்தான். இத்தனை வருஷமா இவரை எங்க ஒளிச்சு வெச்சிருந்தாங்க?’” என்று முடித்தவள், கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். “உங்களைத்தாங்க சொல்றான்.”

“தெரியாம எழுதியிருப்பான்,” என்றார் மூலை. ஆனால் குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, அதே வரியை மறுபடி மறுபடி படித்தார்.

அடுத்த ஒத்திகையில் மச்சான் முகம் கொடுத்துப் பேசவில்லை. தன் ஆம்பிளிஃபயரின் ஒலியைக் கொசு ரீங்காரம் அளவுக்குக் குறைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மாப்ள வாசிக்கட்டும். நாமெல்லாம் மெஷின்தானே, கரண்ட் செலவு மிச்சம்.”

“நானா மச்சான் எழுதச் சொன்னேன்?”

“எழுதச் சொல்லல. எழுதினது கசக்கவும் இல்ல, இல்லையா?”

கசக்கவில்லைதான். பொய் சொல்ல வராததால் மூலை குனிந்து தன் கிட்டாருக்குச் சுருதி சேர்க்க ஆரம்பித்தார். அது இன்னும் வினையாயிற்று.

பிசியோதெரபிஸ்டான மனைவியின் பாடு மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அண்ணனின் தோள்பட்டையைப் பிடித்துவிடும்போது, “உன் புருஷனுக்கு இப்பத் தலகால் புரியல,” என்று கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்தால், “உங்கண்ணனுக்குப் பொறாமை,” என்று கேட்க வேண்டும். “ரெண்டு பேருக்கும் கழுத்துக்கு மேலதான் சுளுக்கு,” என்று சொல்லிவிட்டாள்.

தலைகால் புரியாததும் உண்மைதான். மூலை புதிதாகச் சிவப்புச் சட்டை ஒன்று வாங்கினார். ஆல்பத்துக்கான முதல் கச்சேரியில் தனியாகக் கொஞ்சம் வாசிக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். “தாராளமா,” என்றார் மச்சான், தந்திகளைத் துடைத்தபடியே.

கச்சேரியில் விளக்கு வட்டம் அவர்மேல் விழுந்தது. சிவப்புச் சட்டையோடு முன்னால் வந்து ஆரம்பித்தார். நன்றாகவே ஆரம்பித்தார். முதலில் கைதட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். பின்வரிசை மெல்ல எழுந்து குடிக்க ஏதாவது வாங்கப் போனது. அப்போதுதான் மூலைக்கு ஒன்று உறைத்தது: இதை எப்படி முடிப்பது என்று அவருக்குத் தெரியாது. வாழ்நாளில் தனியாக எதையும் முடித்து வைத்ததே இல்லை. முடிக்கப் போகிற மாதிரி வந்து, மறுபடி மேலே ஏறினார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. புலி வாலைப் பிடித்தவர் கதைதான்.

மேடை ஓரத்தில் கைகட்டி நின்ற மச்சான் முதலில் ரசித்தார் என்பதை மறைப்பதற்கில்லை. பிறகு மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே தன் கிட்டாரின் ஒலியை முழுவதும் ஏற்றி, ஊருக்கே தெரிந்த அவர்களுடைய பழைய பாட்டின் முதல் அடியைப் போட்டார். அரங்கம் எழுந்து நின்றது. வெளியே போனவர்கள் கோப்பையும் கையுமாக ஓடி வந்தார்கள். மூலை இரண்டே எட்டில் டிரம்ஸ் பக்கம் போய்ச் சேர்ந்து, மூச்சு வாங்க அவரோடு சேர்ந்துகொண்டார்.

முடிந்ததும் உடைமாற்றும் அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள். மூலை தண்ணீரைக் குடித்துவிட்டுத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

“எப்படி முடிக்கறதுன்னு தெரியல மச்சான்.”

“எனக்கு மட்டும் தெரியுமா? ஒவ்வொரு ராத்திரியும் இதே திண்டாட்டம்தான். பின்னால நீ டொம்முனு ஒண்ணு வெப்ப பாரு, அதக் கேட்டுத்தான் நான் கீழ எறங்குவேன்.”

“இத ஒரு நாளும் சொல்லலையே.”

“சொன்னா நீ முன்னால வந்து நிப்பேன்னு பயம்.” கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினார். “அந்த விமர்சகன் சொன்னது சரிதான். அதான் எரிச்சல்.”

மூலை எழுந்தார். மச்சானின் பெட்டியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டார். வலது தோள் சரியில்லாத மனிதர் என்பது நினைவுக்கு வந்தது.

இருவரையும் ஏற்றிக்கொண்டு காரை ஓட்டியது மூலையின் மனைவிதான். பின்இருக்கையில் மச்சானும் மாப்பிள்ளையும் கிட்டார் பெட்டிகளுக்கு நடுவே நசுங்கி உட்கார்ந்திருந்தார்கள். சிக்னலில் நின்றபோது கண்ணாடியில் அவர்களைப் பார்த்துக்கொண்டே, “தப்பா எடுத்துக்கலைன்னா ஒண்ணு சொல்லவா? ஆல்பத்துல அந்த நாலாவது பாட்டு கொஞ்சம் இழுவை,” என்றாள்.

“எந்த எடத்துல?” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

விளக்கு பச்சையான பிறகும் அவளை அவர்கள் கிளம்ப விடவில்லை. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.