அலெக் மெயரின் எடை

2009ஆம் ஆண்டு அக்டோபர் பன்னிரண்டாம் தேதி, காலைக் கஞ்சி குடித்த பிறகு, போர்ட்ஸ்கெய்ல் ஊரில் கடலோரத் தெரு பதினான்காம் எண் வீட்டில் குடியிருந்த அலெக் மெயர் தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயர்ந்து அப்படியே நின்றுவிட்டார். அன்று வடகிழக்குக் காற்று. துறைமுகத்தில் ஹாடக் மீன் விலை முந்தின வாரத்தைவிடச் சற்றுக் குறைவு. அவருடைய மனைவி எல்ஸ்பெத் முதலில் அவருடைய பூட்ஸைத்தான் சந்தேகப்பட்டார். பூட்ஸைக் கழற்றிப் பார்த்தபோது அவர் இன்னும் அரை அங்குலம் மேலே போனார். மறதி அதற்கு முந்தின குளிர்காலமே தொடங்கியிருந்தது. நாற்பது வருடம் படகில் போன மனிதர் முதலில் அடுப்பை அணைக்க மறந்தார். பிறகு தன் தம்பி செத்துப்போனதை மறந்தார். எதையாவது மறக்க மறக்க அந்த அளவுக்கு எடை குறைந்தது. தன் படகின் பெயரை மறந்த அன்று சமையலறை அலமாரியின் மேல்தட்டில் தலை இடித்துக்கொண்டார். அந்தத் தட்டில் இத்தனை வருடத் தூசி இருப்பது எல்ஸ்பெத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

கிறிஸ்துமஸுக்குள் அவர் கூரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். எல்ஸ்பெத் படகுக் கயிற்றை அவர் இடுப்பில் கட்டி மறுமுனையை மேசைக்காலில் முடிந்தார். முக்காலியில் ஏறி நின்று சூப் ஊட்டினார். டாக்டர் வந்து நோயின் பெயரை எழுதிக் கொடுத்தார். மிதப்பதைப் பற்றிக் கேட்டதற்கு, அது தன் துறை இல்லை என்றார். ஊர் கொஞ்ச நாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது, பிறகு அலுத்துவிட்டது. எல்ஸ்பெத்தின் பயம் ஒன்றே ஒன்றுதான். கயிறு நைந்து, கதவு திறந்து, காற்றும் அடித்தால் மனிதர் நார்வே பக்கம் போய்விடுவார். போனால் திரும்பி வர வழி கேட்கக்கூட அவருக்குத் தெரியாது. அந்தப் பயத்தில் இரண்டு கோடைகாலம் அந்த வீட்டு ஜன்னல்கள் திறக்கப்படவே இல்லை.

வீட்டுக்கு உள்ளாட்சி போடும் கவுன்சில் வரி எங்கள் பக்கம் ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்துத் தவணை. தண்ணீருக்கும் சாக்கடைக்கும் சேர்த்து ஒரே பில். பிப்ரவரியும் மார்ச்சும் மூச்சு விடுவதற்கு. எல்ஸ்பெத் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி தபால் அலுவலகத்தில் வரிசையில் முதல் ஆளாக நின்று கட்டிவிடுவார். கடன் என்ற சொல்லைத் தாழ்ந்த குரலில் சொல்லும் ஜெபக்கூடத்தைச் சேர்ந்தவர் அவர். 2010 ஜூன் முதல் தேதி மட்டும் அவரால் போக முடியவில்லை. அலெக் திரைச்சீலைக் கம்பிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதில் நாள் முழுக்கப் போயிற்று. மறுநாள் போகலாம் என்றிருந்தார். மறுநாளும் அப்படியே போயிற்று. மூன்றாம் வாரம் நினைவூட்டுக் கடிதம் வந்தது, திரு அலெக் மெயர், திருமதி எல்ஸ்பெத் மெயர் என்று இரண்டு பேருக்கும் சேர்த்து. எல்ஸ்பெத்துக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. வீட்டுத் தலைவரிடம் சொல்லாமல் இருப்பது முறையில்லை என்று முக்காலியில் ஏறி அவருக்குப் படித்துக் காட்டினார். பிறகு உறையோடு மடித்து அவருடைய கம்பளிச்சட்டைக்குள் செருகினார். அலெக் நான்கு அங்குலம் கீழே இறங்கினார்.

அதற்குப் பிறகு எல்ஸ்பெத் வரி கட்டவில்லை. எழுபது வருடம் யாருக்கும் ஒரு பென்னி பாக்கி வைக்காத பெண் இந்த முடிவுக்கு வர ஒரு மணி நேரம்தான் எடுத்துக்கொண்டார். இறுதி அறிவிப்பு வந்தபோது கணவர் முக்கால் அடி இறங்கினார். வருடம் முழுவதற்கும் உள்ள தொகையை மொத்தமாகக் கேட்டு வந்த கடிதம் அவரை மேசை உயரத்துக்குக் கொண்டுவந்தது. பத்து சதவீத அபராதம் போட்டு நீதிமன்ற ஆணை வந்த அன்று அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், ஒன்றரை வருடத்தில் முதல் முறையாக. அடுப்புப் பக்கம் காலை நீட்டினார். எல்ஸ்பெத் அன்று உட்கார்ந்து அழுதார், சந்தோஷத்தில்தான். கட்டாத தவணைகளை அவர் செலவழிக்கவும் இல்லை. மாதம் தவறாமல் முதல் தேதி அந்தத் தொகையை எண்ணி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, நிலக்கரித் தொட்டிக்குப் பின்னால் வைத்தார். ஜெபக்கூடத்தில் தானாகவே கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒரே தொல்லை, கடிதங்களின் பாரம் நீடிக்கவில்லை. மூன்று மாதம் சட்டைக்குள் கிடந்தால் எந்தக் கடிதமும் வெறும் காகிதமாகிவிட்டது, அலெக் மறுபடியும் ஏறத் தொடங்கினார். பழைய பாக்கிக்குக் கனம் இல்லை, புதுப் பாக்கி வேண்டும் என்று எல்ஸ்பெத் கணக்குப் போட்டார். அதனால் அடுத்த வருடமும் கட்டவில்லை, அதற்கடுத்த வருடமும் கட்டவில்லை. அரசாங்கம் வரி விகிதத்தை உயர்த்தாமல் நிறுத்தி வைத்திருந்த வருடங்கள் அவை. வரி உயரவில்லை, அலெக் மட்டும் உயர்ந்தும் தாழ்ந்தும் கொண்டிருந்தார்.

2013 செப்டம்பரில் அபர்டீனிலிருந்து இரண்டு அமீனாக்கள் வந்தார்கள். பதினான்கு நாளில் நாலாயிரத்துச் சொச்சம் பவுண்டு கட்ட வேண்டும், தவறினால் வங்கிக் கணக்கு முடக்கப்படும் என்ற தாளைக் கொடுத்துவிட்டு, கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் எழுதிய அறிக்கை கவுன்சில் கோப்பில் இருக்கிறது. குடியிருப்போர் பெரியவர்கள் இருவர், ஒருவர் கூரையில், இருவரும் மரியாதையானவர்கள் என்பது அதன் சாரம். தாள் நேரில் கொடுக்கப்பட்டது. எல்ஸ்பெத் அதைச் சட்டைக்குள் செருகியும் அலெக் அசையவே இல்லை. இத்தனை பெரிய மிரட்டலுக்கே அசையாதவர் இனி எதற்கு இறங்குவார் என்று எல்ஸ்பெத் இடுப்புக் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

அந்த அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் வரிப் பிரிவிலிருந்து ரோனா கீத் வந்தாள். முப்பது வயது, வெளியூர்க்காரி, கையில் பெரிய கோப்பு. அறிக்கையில் எழுத்துப் பிழை இருக்கும் என்று நினைத்து வந்தவள், மேலே பார்த்து, காலை வணக்கம் மிஸ்டர் மெயர் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். டாக்டரின் சான்றிதழைப் படித்தாள். பிறகு எல்ஸ்பெத்தை அதிசயமாகப் பார்த்தாள்.

"மிஸ்ஸஸ் மெயர், நீங்க இவ்வளவு கட்டவே வேண்டியதில்ல. இந்த வியாதி இருக்கறவங்க வீட்டுல இருந்தாலும் கணக்குல சேர மாட்டாங்க. நீங்க ஒருத்தர் மட்டும் இருக்கற மாதிரிதான் பில். நாலுல ஒரு பங்கு தள்ளுபடி, சான்றிதழ் தேதியிலிருந்தே."

"ரெண்டு பேர் இருக்கோமேம்மா. தனியா இருக்கேன்னு பொய்க் கையெழுத்து நான் போட மாட்டேன்."

"பொய்யே இல்ல. அவரு இருக்காருன்னுதான் எழுதணும். இருக்காரு, ஆனா எண்ண வேண்டாம். அவ்வளவுதான்."

எல்ஸ்பெத் அவள் நீட்டிய தள்ளுபடிப் படிவத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு, பில்லில் அலெக்கின் பெயர் இருக்குமா என்று கேட்டார். இருக்காது, கட்ட வேண்டிய பொறுப்பிலிருந்தும் அவரை விலக்கிவிடுவோம், அவருக்கு அதில் நன்மைதான் என்றாள் ரோனா. எல்ஸ்பெத் படிவத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்த ஊர் உலகத்துல இன்னும் அவர் பேருக்கு எழுதறது நீங்க ஒருத்தர்தான். ஆஸ்பத்திரிகூட எனக்குத்தான் எழுதுது. நீங்களும் அவர எண்ணலைன்னா நான் எதைப் போட்டு அவரைக் கட்டி வைப்பேன்?"

ரோனா அன்று மதியம்வரை அங்கேயே இருந்தாள். கடிதத்தால் அவர் இறங்குகிற கதையை எல்ஸ்பெத் முழுக்கச் சொன்னார். அரசு ஊழியருக்கு எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பும் பழக்கம் கிடையாது. கோப்பிலிருந்த, இன்னும் தபாலில் போகாத எச்சரிக்கைக் கடிதம் ஒன்றை எடுத்து முக்காலியில் ஏறி அவளே செருகினாள். அலெக் இறங்கவில்லை. அதைவிடப் பெரிய தொகை போட்ட இன்னொன்றைச் செருகினாள். அப்போதும் இல்லை. பணத்துக்குக் கனம் இல்லை என்பது மட்டும் உறுதியானது. பிறகு பழைய உறைகளையெல்லாம் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஏதோ பென்சில் தீற்றல், சட்டையில் உரசி முக்கால்வாசி அழிந்து போயிருந்தது. இது என்ன என்று கேட்டாள்.

அது டேவி எழுதறது என்றார் எல்ஸ்பெத், அதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. போர்ட்ஸ்கெய்லில் அப்போது ஏழு அலெக் மெயர்கள். கடலோரத் தெருவில் மட்டுமே நான்கு பேர். பட்டப்பெயர் இல்லாமல் இங்கே ஒருவருக்குத் தபாலும் போகாது, சாவுச் செய்தியும் வராது. தபால்காரர் டேவி ஸ்லேட்டர், அவருக்கு முன்னால் அவருடைய அப்பா, காலையில் தபாலைப் பிரிக்கும்போது உறை மூலையில் பென்சிலால் பட்டப்பெயரை எழுதிவிடுவார்கள். வீட்டு எண்ணை அவர்கள் நம்புவதில்லை. பதினான்காம் எண் அலெக்குக்குப் பெயர் பார்ட்டன், அதாவது நண்டு. பக்கவாட்டில் நடப்பார், பிடித்த பிடியை விட மாட்டார். மனைவிமார் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. அவர் துறைமுகத்துக்குப் போவது நின்றதிலிருந்து யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டிருக்கவில்லை. பிறந்தது முதல் அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எல்ஸ்பெத்தின் கண்ணுக்கு அது தெரியாமலே போய்விட்டிருந்தது. வெளியூர்க்காரிக்குத்தான் தெரிந்தது.

ரோனா வாசலுக்குப் போய், தெருக்கோடியில் வந்துகொண்டிருந்த டேவியை உள்ளே அழைத்தாள். விஷயத்தை அரைகுறையாகக் கேட்டுக்கொண்ட டேவி கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"டேய் பார்ட்டன், அங்க என்னடா பண்ற? கீழ வா."

அலெக் தொப்பென்று நாற்காலியில் விழுந்தார். யாரோ தன்னைத் தேடி வந்திருப்பது அவருக்குப் புரிந்தது. யார் என்று புரியவில்லை, ஆனாலும் சிரித்தார். குரலின் கனம் ஐந்து நிமிடம்தான் தாங்கியது, பென்சில் மூன்று மாதம் தாங்கியது. எல்ஸ்பெத்துக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. மூன்று வருடமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்தது இதற்கா என்று கேட்டுக்கொண்டே நிலக்கரித் தொட்டியை நகர்த்தி டப்பாவை எடுத்து வந்து மேசையில் கொட்டினார். தள்ளுபடி போக, அபராதமும் அமீனா செலவும் சேர்த்து ரோனா எண்ணி முடித்தபோது அறுநூற்றுப் பதினோரு பவுண்டு மீதி இருந்தது. படிவத்தில் எல்ஸ்பெத் கையெழுத்துப் போட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அலெக்குக்குத் தபால் வந்துகொண்டே இருந்தது. வலை பின்னுகிறவர்கள், ஐஸ் தொழிற்சாலைக்காரர்கள், மற்ற ஆறு அலெக் மெயர்கள் என்று ஆளாளுக்கு அட்டை போட்டார்கள். 2014 கிறிஸ்துமஸுக்கு நாற்பத்து மூன்று வாழ்த்துகள் வந்து, நாற்காலியின் கால் ஒன்று உடைந்தது. ஜனவரியில் பாதியை எடுத்துவிட வேண்டியதாயிற்று. ரோனா ஒவ்வொரு ஏப்ரலிலும் மறுபரிசீலனைப் படிவத்தை அவர் பெயருக்கே அனுப்பினாள். மேற்படி நபர் இந்த முகவரியில் இன்னும் வசிக்கிறாரா என்று கேட்டு, ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். எல்ஸ்பெத் ஆம் என்பதில் குறியிட்டுத் திருப்பி அனுப்புவார், உறையை மட்டும் சட்டைக்குள் வைப்பார்.

2017 ஜனவரியில், கடைசித் தவணை கட்டிய மறுநாள், அலெக் நாற்காலியிலேயே இறந்தார். எங்கள் பக்கம் சவப்பெட்டியை எட்டுக் கயிறு பிடித்து இறக்குவோம். யாருக்கு எந்தக் கயிறு என்று முன்கூட்டியே சீட்டு வந்துவிடும், பட்டப்பெயரோடு. முதல் கயிறு எல்ஸ்பெத்துக்கு. ஏழாவது ரோனாவுக்கு, எட்டாவது டேவிக்கு. பெட்டி மேலே போய்விடுமோ என்று அடக்கம் செய்பவர் கூடுதலாக இரண்டு ஆட்களை நிறுத்தியிருந்தார். அவர்களுக்கு வேலை இருக்கவில்லை. ஆறரை வருடக் கடிதமும் உள்ளே இருந்தது. கயிறுகள் கையை அறுக்கும் அளவுக்குக் கனத்து, பெட்டி நேராக இறங்கியது.

மார்ச்சில் புது பில் வந்தது. முன்பு இரண்டு பேர், அதில் ஒருவர் எண்ணப்படாதவர், இப்போது ஒருவர். இரண்டுக்கும் அதே நாலில் ஒரு பங்கு தள்ளுபடிதான். அலெக் மெயர் செத்ததால் கவுன்சிலுக்கு ஒரு பென்னிகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எல்ஸ்பெத் அந்த பில்லை வெகுநேரம் பார்த்தார், பிறகு அலமாரியில் வைத்தார்.

ரோனா அதற்குள் வேறு பிரிவுக்கு மாறியிருந்தாள். புதிதாக வந்தவருக்கு விவரம் தெரியவில்லை. ஏப்ரலில் மறுபரிசீலனைப் படிவம் வழக்கம்போல் திரு அலெக் மெயருக்கு வந்தது. டேவியும் கை போன போக்கில் மூலையில் பார்ட்டன் என்று எழுதியிருந்தார். எல்ஸ்பெத் உறையைப் பிரித்து, படிவத்தை எடுத்துக்கொண்டு, வெற்று உறையை அவருடைய நாற்காலியில் வைத்தார். ஒட்டுப்போட்ட கால் முனகியது, மெத்தை ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு உள்ளே அமுங்கியது. எல்ஸ்பெத் அடுப்பில் இன்னும் கொஞ்சம் நிலக்கரி போட்டார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் வாழ்நாளில் எந்தத் தாளிலும் பொய் எழுதாத அந்தப் பெண், ஆம் என்ற கட்டத்தில் குறியிட்டார்.