பின்னால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது

"ஏங்க, படம் ஏன் சீரியல் மாதிரி ஓடுது?" என்று செல்வராணி கேட்டதும் நாகராசுவுக்குச் சுருக்கென்றது. பின்னே இருக்காதா? சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்த காசில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, அதைப் பாகம் பாகமாகக் கழற்றி, படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டை மட்டும் கம்பளிக்குள் சுற்றி, விமானத்தில் கைக்குழந்தையைப் போல மடியிலேயே வைத்துக்கொண்டு திருச்சியில் வந்து இறங்கிய ஆள் அவன். மாமனாருக்கு டார்ச்லைட் வாங்க மறந்தான், மச்சானுக்கு சென்ட் பாட்டில் வாங்க மறந்தான், கார்டை மறக்கவில்லை. அன்னவாசல் பக்கத்தில் இருக்கும் தன் வீட்டு முன்னறையில், பெண்டாட்டியின் தையல் மிஷினை ஓரங்கட்டி, அந்த இடத்தில் எல்லாவற்றையும் மாட்டி, வியர்க்க விறுவிறுக்க ஒரு படத்தைப் போட்டுக் காட்டினால், வந்த முதல் பாராட்டு இது.

"சீரியலா? நல்லாப் பாரு. எப்படி வழுவழுன்னு போகுது!"

"அதத்தாங்க சொல்றேன். சண்ட போடுற மாதிரியே இல்ல. பக்கத்து வீட்டுக்காரன் நம்ம ரூமுக்குள்ள வந்து கையக் கால ஆட்டுற மாதிரி இருக்கு." சொல்லிவிட்டு அவள் புளி கரைக்கப் போய்விட்டாள்.

விஷயம் பெரிய பிரம்மவித்தை ஒன்றும் இல்லை. படம் என்பது நிஜத்தில் ஓடுவதே கிடையாது. போட்டோக்களை வரிசையாக, வேகமாகக் காட்டுகிறார்கள். நம் கண் அதை ஓட்டம் என்று நம்பிக்கொள்கிறது. ஒரு போட்டோவில் கை கீழே இருக்கும், அடுத்ததில் மேலே இருக்கும். நாகராசு போட்டிருந்த சாஃப்ட்வேர் இந்த இரண்டையும் பார்த்து, நடுவில் கை எங்கே இருந்திருக்கும் என்று தானே கணக்குப் போட்டு, யாரும் எடுக்காத ஒரு போட்டோவை உண்டாக்கி இடையில் சொருகிவிடும். வெட்டி வெட்டி இழுத்த படம் எண்ணெய் ஊற்றிய மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். தங்குமிடத்தில் பக்கத்துக் கட்டில் ஜெரால்டு, ஜெகதாப்பட்டினத்துக்காரன், இதை முதலில் காட்டியபோது நாகராசு வாயைப் பிளந்துவிட்டான். அவன் கை வைத்த வேலை அப்படி. இரும்பில் தீப்பொறி ஓடும்போது நடுவில் ஒரு நூலிழை விட்டுப்போனாலும் சூப்பர்வைசர் சுத்தியலோடு வந்து நிற்பார். எதுவும் தடைபடாமல், விட்டுப்போகாமல் ஓட வேண்டும். அதில்தான் அவன் மனசு ஆறும்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. அவன் சிங்கப்பூருக்குப் போகும்போது மகள் இளமதிக்குத் திருத்தமாகப் பேச்சு வரவில்லை. இப்போது அவளுக்கு ஆறு வயது. நடுவில் இருந்த பிள்ளையை முழுக்க அவன் போனில்தான் பார்த்தான். சாயங்காலம் வேலை முடிந்து, குளித்துவிட்டு, கட்டிலில் சாய்ந்து வீடியோ கால் போட்டால், அவள் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு கதை அளப்பாள். பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. ஆடு குட்டி போட்டதிலிருந்து சத்துணவு முட்டை வரைக்கும் ஒன்றும் பாக்கி இருக்காது. அந்த வேகத்திலேயே திடீரென்று, வாய் பாதி திறந்தபடி, முகம் அப்படியே நின்றுவிடும். "நெட்டு போச்சு" என்று நாகராசு பல்லைக் கடித்துக்கொண்டு கட் பண்ணுவான். மறுபடி போடுவான். மணி அடித்து, அவர்கள் எடுத்து, முகம் தெரிவதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும். ஒவ்வொரு தடவையும் சரியானதால், கட் பண்ணி மறுபடி போடுவதுதான் இதற்கு வைத்தியம் என்று முடிவே கட்டிவிட்டான். ஜெரால்டுக்குக்கூட இந்த யோசனையைச் சொல்லிக்கொடுத்தான்.

ஒருநாள் இளமதி, "அப்பா, எங்கள ஸ்கூல்ல சித்தன்னவாசல் கூட்டிட்டுப் போனாங்க. குகையில மேல கொளம் வரைஞ்சிருக்கு. அதுக்குள்ள ஒரு அண்ணன்..." என்றவள் நின்றுவிட்டாள். அவன் கட் பண்ணினான். மறுபடி போட்டபோது அவள் பிஸ்கட்டைப் பாலில் முக்கிக்கொண்டிருந்தாள். "என்ன ஆத்தா சொல்ல வந்த?" என்றான். "ஒண்ணுமில்லப்பா" என்றாள். அந்தக் குளத்துக்குள் அந்த அண்ணன் என்ன செய்தான் என்பது அவனுக்குத் தெரியாமலே போயிற்று.

நெட் கம்பெனியை மாற்றச் சொன்னான், மாற்றினார்கள். மோடத்தை ஜன்னல் பக்கம் வைக்கச் சொன்னான், வைத்தார்கள். ஒரு தடவை செல்வராணி மெதுவாக, "நெட்டு நல்லாத்தாங்க இருக்கு. அவதான் அப்பப்ப இப்பிடி..." என்று ஆரம்பித்தாள். "ஒனக்கு என்ன தெரியும் நெட்டப் பத்தி?" என்று இவன் எகிறினான். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

படத்துக்குப் பாராட்டுக் கிடைக்காத கோபத்தில்தான் அவனுக்கு ஆண்டுவிழா வீடியோ ஞாபகம் வந்தது. "ஏ ராணி, பாப்பா டான்ஸ் ஆடுன வீடியோ பென்டிரைவ்ல குடுத்தாங்கன்னியே, அது எங்க?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. "அது எதுக்குங்க இப்ப? அதுல அவ சரியா ஆடல."

"கேமராக்காரன் சரியா எடுத்திருக்க மாட்டான். கொண்டா, நான் சரி பண்ணிக் காட்டுறேன்."

"மேடையில பாதியில முழிச்சுக்கிட்டு நின்னுட்டா. ஷர்லி மிஸ்ஸே வருத்தப்பட்டாங்க, வகுப்புலயும் இப்பிடித்தான் கனாக் கண்டுக்கிட்டு இருக்கான்னு. அத வேற எதுக்குப் பாத்துக்கிட்டு?" என்று சொல்லிக்கொண்டே வந்து, பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். பென்டிரைவைச் சேலைக்கு அடியில் ஏன் வைத்தாய் என்று கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. கேட்டிருக்கலாம்.

கோடை லீவு. இளமதி பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியோடு வெளியே விளையாடிக்கொண்டிருந்தாள். நாகராசு வீடியோவைப் போட்டான். மழைப் பாட்டு ஒன்றுக்கு நீலப் பாவாடை கட்டிய பிள்ளைகள் ஆளுக்கொரு ரிப்பனைச் சுழற்றிக்கொண்டு ஆடினார்கள். எடுத்தவன் எடுத்த லட்சணம் அப்படி, படம் கல்ரோட்டில் போகும் டவுன் பஸ் மாதிரி குலுங்கியது. நாகராசு சாஃப்ட்வேரை இறக்கிவிட்டான். அவ்வளவுதான், மேடை முழுக்கத் தண்ணீராக ஓட ஆரம்பித்தது. ரிப்பன்கள் வளைந்து வளைந்து போயின. இரண்டாம் வரிசையில் அவன் மகள், மூக்கில் வியர்வையும் காதில் பெரிய ஜிமிக்கியுமாக, நாக்கைக் கடித்துக்கொண்டு அத்தனை அக்கறையாக ஆடினாள். அவனுக்குப் பெருமை பொங்கியது. "சரியா ஆடலையாம்ல" என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

அப்போது இளமதி நின்றாள்.

சே, மாட்டிக்கிச்சு என்றுதான் முதலில் நினைத்தான். இந்த சாஃப்ட்வேர் சில நேரம் குழம்பும். வேகமாக ஆடும் துணியைப் பார்த்தால் எது கை, எது ரிப்பன் என்று தெரியாமல் எதையாவது ஒட்டிவைக்கும். பின்னால் இழுத்து மறுபடி போட்டான். அதே இடத்தில் நின்றாள். செட்டிங்கை மாற்றினான். நின்றாள். சாஃப்ட்வேரையே அணைத்தான். படம் பழையபடி குலுங்கியது, குலுக்கலுக்கு நடுவிலும் அவள் நின்றாள். மறுபடி போட்டான். மேடைப் பிள்ளைகள் எல்லாரும் ஆற்றுநீர் மாதிரி ஓடிக்கொண்டிருக்க, இவள் மட்டும் நடுவில் நட்டுவைத்த மாதிரி நின்றாள். பக்கத்துப் பிள்ளையின் முழங்கை அவள் தோளில் இடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ரிப்பன் கையிலிருந்து தளர்ந்து கீழே இறங்கியது. இடித்த இடியில் காது ஜிமிக்கி முன்னும் பின்னும் ஆடியது. ஜிமிக்கி ஆடியது, பிள்ளை ஆடவில்லை. முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பயந்த பிள்ளையின் முகம் இல்லை அது. கண் எங்கோ மேலே நிலைத்திருக்க, இமை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி, பாட்டுக்குக் கொஞ்சம் பிந்தி, விட்ட இடத்திலிருந்து கையை உயர்த்தி ஆட ஆரம்பித்தாள்.

நாகராசு வீடியோவை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தான். அறையில் மேஜை ஃபேன் தலையை இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் அந்தச் சிவப்பு நாற்காலி காலியாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு உறைத்தது. ஒவ்வொரு சாயங்காலமும் மகள் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்து பேசினாள். அவள் முகம் நின்றபோதெல்லாம் பின்னால் அந்த ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவள் முன்முடி காற்றில் பறந்தது. அவன் கண்ணால் பார்த்தான். நெட்டு போயிருந்தால் திரையில் ஃபேனும் அல்லவா நின்றிருக்க வேண்டும்? இதைக்கூட யோசிக்காத தன்னை என்ன சொல்லித் திட்டுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. பிள்ளை எங்கோ போய்விட்டுத் திரும்பி வருகிற நேரத்திலெல்லாம் அவன் கட் பண்ணிவிட்டு, நம்பரைத் தேடிக்கொண்டு இருந்திருக்கிறான்.

"ராணி, கொஞ்சம் இங்கிட்டு வா."

புளிக்கையோடு வந்தவள் திரையைப் பார்த்தாள். இமை அடிக்கும் அந்த இடத்தை அவன் மறுபடி போட்டுக் காட்டினான். நான் அப்பவே சொன்னேன்ல என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்க அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவள் அதைக் கேட்கவில்லை.

"நான் அவள அடிச்சேங்க" என்றாள். "இதுக்காகத்தான் அடிச்சேன். சோத்த வாயில வச்சுக்கிட்டு எங்கயோ பாக்குறாளே, கூப்புட்டா திரும்ப மாட்டேங்கிறாளேன்னு மண்டையில குட்டுவேன். அப்பறம் அவ, எதுக்கும்மா அடிச்சன்னு கேப்பா. அவளுக்குத் தெரியவே தெரியாதுங்க."

"என்கிட்ட இன்னொரு தடவ சொல்லியிருக்கலாம்ல?"

"வலிப்புன்னு சொல்லிட்டா என்ன பண்றது? பொம்பளப் புள்ள. ஊர்ல ஒரு வாய் சொன்னா போதாதா?" கண் துடைக்கக் கையைத் தூக்கியவள் புளியைப் பார்த்துவிட்டு, புஜத்தில் துடைத்துக்கொண்டாள். "நீங்க நெட்டுன்னு சொன்னப்ப, நெட்டாவே இருந்துட்டுப் போகட்டும்னு எனக்கும் தோணுச்சு."

நாகராசுவுக்கு அவள்மேல் கோபம் வரும் என்று பார்த்தால், வரவில்லை. துக்கம்தான் வந்தது, இருவருக்கும் சேர்த்தே வந்தது.

புதுக்கோட்டையில் குழந்தைகள் டாக்டர் ஒருவரின் நம்பரைத் தேடிப் போட்டான். எடுத்த நர்ஸ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க. இங்க வந்தா பிள்ளைங்க சும்மா இருந்துருவாங்க. அதனால அப்படி நிக்கிறப்ப முடிஞ்சா ஒரு வீடியோ எடுத்துட்டு வாங்க. எடுத்தது எடுத்தபடியே இருக்கட்டும் சார், எதையும் வெட்டவோ மாத்தவோ வேணாம்."

"பயப்படுற மாதிரியா சிஸ்டர்?"

"டாக்டர் பாத்துட்டுச் சொல்லுவாரு. இந்த மாதிரிப் பிள்ளைங்க நெறைய வாராங்க. பயந்துக்கிட்டு வீட்டுல வச்சுக்காம கூப்பிடுறீங்கல்ல, அதுவே நல்லது."

வெயில் தாழ்ந்ததும் செல்வராணி வாசலில் நின்று குரல் கொடுத்தாள். இளமதி கையெல்லாம் ஆட்டு வாடையோடு ஓடிவந்தாள். அப்பா சிவப்பு நாற்காலியைச் சுட்டிக்காட்டி உட்காரச் சொன்னதும் அவளுக்கு ஒரே சிரிப்பு. "இங்கதான இருக்க, அப்பறம் எதுக்குப்பா போனு?"

"சும்மாதான் ஆத்தா. அன்னைக்கு சித்தன்னவாசல் கத ஒண்ணு சொன்னியே, பாதியில நின்னுபோச்சே. அத இப்பச் சொல்லு, கேக்குறேன்."

"அது எப்பவோ சொன்னேன்!" என்று அலுத்துக்கொண்டாலும் அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. காலை மடக்கி உட்கார்ந்தாள். பஸ்ஸில் யார் வாந்தி எடுத்தது, மிஸ் எந்தப் பிள்ளையின் தொப்பியை வாங்கி வைத்துக்கொண்டார் என்று எல்லாவற்றையும் ஆதியோடந்தமாகச் சொன்னாள். நாகராசு போனில் வீடியோவை ஓடவிட்டுப் பிடித்துக்கொண்டு ம் கொட்டினான். அவள் சொல்லச் சொல்ல, இன்றைக்கு வராமலே போய்விடுமோ என்று ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது. வந்தால்தானே டாக்டருக்குக் காட்ட முடியும் என்று அடுத்த நிமிஷமே மனசு அடித்துக்கொண்டது. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

"அங்க மேல பாத்தா கொளம்ப்பா. தாமரப்பூ இருக்கு, மீனு இருக்கு, யானகூட இருக்கு. ஒரு அண்ணன் கொளத்துக்குள்ள எறங்கி, பூவப் பறிச்சு, அதக் கையில..."

நின்றது.

நாகராசுவின் கட்டைவிரல் தன்னாலே திரையின் சிவப்புப் பொத்தானுக்குப் போயிற்று. எத்தனை நாள் பழக்கம் அது. தொடுவதற்குள் சுதாரித்து விரலை மடக்கிக்கொண்டான். கதவோரம் செல்வராணி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். மகளின் இமைகள் படபடத்தன. "மதி" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் வந்துவிடுவாள் என்று தோன்றியது, கூப்பிடவில்லை. அள்ளித் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொள்ளக் கை பறந்தது, போனை இன்னும் இறுக்கிப் பிடித்தான். ஃபேன் மெல்லத் திரும்பி வந்து அவள் முன்முடியைத் தூக்கியது, அந்தப் பக்கம் போனது, முடி நெற்றியில் படிந்தது.

"...வச்சிருக்காரு" என்றாள் இளமதி. "ஆனா யாருக்கும் குடுக்கலப்பா. அப்பிடியே நிக்கிறாரு. ஆயிரம் வருசத்துக்கும் மேல அப்பிடியே நிக்கிறாருன்னு மிஸ் சொன்னாங்க. கை வலிக்கும்ல, பாவம்?"

"ஆமா ஆத்தா, பாவந்தான்" என்றான் நாகராசு. "அப்பறம்?"

"அப்பறம் யானை" என்று அவள் தொடர்ந்தாள். அவன் போனை இறக்காமல் பிடித்திருந்தான். பின்னால் ஃபேன் திரும்பி வந்து மறுபடியும் அவள் முடியைத் தூக்கியது.