பதினோராவது உதை

கிக்கரின் போல்ட்டைக் கடைசிச் சுற்று இறுக்கிக்கொண்டிருந்தாள் மகள். பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா, "அழுத்தித் திருகு. சோறு திங்கிற கைதானே அது," என்றார். அவள் அழுத்தித் திருகினாள். பதில் சொன்னால் பேச்சு நீளும். நீண்டால் அது பட்டறையை ஒட்டிய வீட்டுச் சமையலறை வரைக்கும் போய், எப்படியும் அம்மா தலையில்தான் விடியும்.

தெருவில் அப்பாவுக்குப் பெயர் ஒத்தஉதை. மழையில் ஊறிய வண்டி, மாதக்கணக்கில் கிடந்த வண்டி, நாலு மெக்கானிக் பார்த்துக் கைவிட்ட வண்டி, எதுவானாலும் ஒரே உதையில் கிளப்பிவிடுவார். பொய் சொல்லக்கூடாது, ஆள் கெட்டிக்காரர்தான். கிக்கரைப் பாதத்தால் மெல்ல அழுத்தி, உள்ளே பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்வார். அப்புறம்தான் உதை. கிளம்பியதும் சுற்றி நிற்பவர்களைப் பார்த்து, "வண்டிக்கும் வீட்டுக்காரிக்கும் வைத்தியம் ஒண்ணுதான்," என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா ஏன் இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறாள் என்று சிரித்தவர்களில் ஒருவரும் கேட்டதில்லை.

மகளின் வலது சுண்டுவிரல் கோணலாகத்தான் ஒட்டியிருந்தது. பதினாறு வயதில் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனருக்குப் பதிலாகப் பத்தாம் நம்பரை எடுத்துக் கொடுத்ததற்குக் கிடைத்த பரிசு. இப்போது முப்பத்துநாலு வயது. பத்து வருஷமாகப் பட்டறையில் அவள்தான் எல்லாம். இன்ஜினைப் பிரிப்பவள் அவள், பூட்டுபவள் அவள். பலகையில் பெயர் மட்டும் அவருடையது. சரிபார்த்த வண்டியை எடுக்க வருபவர்களிடம், "எல்லாம் நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டதுதான். இதுக்கு என்ன தெரியும்?" என்பார், அவள் காதுபடவே.

நாலு மாதம் முன்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பிழைத்துக்கொண்டார். அப்படிப்பட்டவர்களுக்கு ஆயுசு கெட்டி என்று ஒரு பேச்சு உண்டே, அது சரிதான். ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவையும் மகளையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "இதயம் பாதிதான் வேலை செய்யுது. மாடி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. மெக்கானிக்னு சொன்னீங்க. வண்டிய உதைக்கிறதெல்லாம் அடியோட மறந்துடணும். அது ஒண்ணு போதும், முடிச்சுடும்." அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லையும் கவனமாகக் கேட்டாள்.

அதனால்தான் மகள் அவருடைய பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு, செல்ஃப் மட்டும் உள்ள இந்த வண்டியை எடுத்தாள். பொத்தானை அழுத்தினால் போதும், கிக்கரே கிடையாது. அப்பாவும் முனகிக்கொண்டே ஓட்டத்தான் செய்தார். வினை டீக்கடையில் இருந்து வந்தது. ஒரு நாள் அவர் பொத்தானை அழுத்திக் கிளப்பியதைப் பார்த்த டீக்கடைக்காரர், "ஒத்தஉதை இப்ப ஒத்தவிரல் ஆயிட்டாருப்பா," என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்தவர், அம்மா நீட்டிய தட்டைத் தட்டிவிட்டார். கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருந்த குழம்பு அவள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வழிந்தது. இதயம்தான் பாதி வேலை செய்தது. கை முழுசாக வேலை செய்தது.

"வண்டிக்குக் கிக்கர் போடு," என்றார் மகளிடம்.

"இதுக்கு வராதுப்பா."

"எனக்கே பாடமா? இதே இன்ஜின் பழைய மாடல்ல கிக்கரோடதான் வந்துச்சு. வலது பக்கக் கவரை மாத்து, ஷாஃப்டைப் போடு, ஸ்பிரிங்கை மாட்டு. அரை நாள் வேலை."

அவர் சொன்னது உண்மை. அரை நாள் வேலைதான். மகள் அதை ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தாள். சாமான் கிடைக்கவில்லை என்றாள், வேறு வேலை இருக்கிறது என்றாள். ஒவ்வொரு சாக்குக்கும் அன்றைக்கன்றைக்கே வசூல் நடந்தது, அம்மாவிடம். அவர் உயிரைக் காப்பாற்றத்தான் மறுக்கிறோம் என்று மகள் நினைத்துக்கொண்டிருந்தாள். யார் உடம்பை அடகு வைத்துக் காப்பாற்றுகிறோம் என்பதும் தெரிந்துதான் இருந்தது. அந்த நாட்களில் அவள் அப்பாவை மனதார வெறுத்தாள். அதற்காக அவளுக்கு வெட்கமில்லை.

ஒரு நாள் காலை அம்மா துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள், "அவரு கேக்கறதச் செஞ்சு குடுத்துடு."

"டாக்டர் என்ன சொன்னாருன்னு..."

"நானும்தான் அங்க இருந்தேன்," என்றாள் அம்மா. ஈரச் சேலையை உதறி, கொடியில் போட்டு, ஓரம் சரிபார்த்து இழுத்துவிட்டாள்.

பழைய இரும்புக் கடையில் கவர், ஷாஃப்ட், ஸ்பிரிங் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன. கிக்கர் மட்டும் இரண்டு இருந்தது. ஒன்று நீளம், இந்த இன்ஜினுக்கே உரியது. கிக்கர் நீளமாக இருந்தால் பாதி பலம் போதும். மற்றது குட்டை, சின்ன வண்டியுடையது. பல் ஷாஃப்டில் பொருந்தும், ஆனால் இவ்வளவு பெரிய இன்ஜினை அதை வைத்துக் கிளப்ப வேண்டுமென்றால் முழு உடம்பையும் இறக்க வேண்டும். மகள் இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குட்டையை வாங்கிக்கொண்டு வந்தாள். ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பதில் உடனே வந்திருக்கும்.

இப்போது போல்ட்டை இறுக்கி முடித்துக் கையைத் துடைத்தாள். அப்பா எழுந்து வந்து பார்த்தார்.

"என்ன, குட்டையா இருக்கு?"

"இதுதான் கெடச்சுது."

"என் காலுக்கு எதுவா இருந்தா என்ன. செல்ஃப் வயரைப் புடுங்கி விடு. எவனும் பொத்தான்ல கிளப்பினேன்னு சொல்லக்கூடாது."

வயரைக் கழற்றினாள். அப்பா வண்டியைத் தெருவுக்குத் தள்ளச் சொல்லி, எதிர்ப்பக்கம் பார்த்து டீக்கடைக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். டீக்கடைக்காரர் கையில் வடிகட்டியோடு வந்தார். பின்னாலேயே பெஞ்சு மொத்தமும் வந்தது.

முதல் உதையில் வண்டி கிளம்பவில்லை. "புதுசு, ஆயில் ஏறணும்," என்றார் அப்பா. இரண்டு. மூன்று. கிக்கர் குட்டை என்பதால் கால் சட்டென்று அடிமட்டத்துக்குப் போய் நின்றது, இன்ஜின் ஒரு முக்கு முக்கிவிட்டு அடங்கியது. நாலாவது உதைக்குப் பிறகு பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்பாவின் பின்கழுத்து சிவந்தது.

மகள் பக்கத்தில் போய், மற்றவர்களுக்குக் கேட்காமல், "போதும்பா. வயரை மாட்டித் தரேன்," என்றாள்.

"வாய மூடு. உங்கம்மா வளர்ப்பு எப்படி இருக்கும்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு திறக்கவில்லை.

ஐந்து, ஆறு, ஏழு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எட்டாவதில் டீக்கடைக்காரருக்கே முகம் மாறியது. "விடுங்கண்ணே, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்," என்றார். அப்பா அவரைப் பார்க்கவில்லை. ஒன்பது. பத்து. உதடு நீலம் பாரித்திருந்ததை மகள் பார்த்தாள். அது என்ன நிறம் என்று அவளுக்குத் தெரியும், டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்குள் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

பதினோராவது உதையில் வண்டி கிளம்பியது. அப்பா டீக்கடைக்காரரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நிற்க, கிக்கரிலிருந்து கால் வழுக்கி, வண்டியின் மேலேயே சரிந்து, தரைக்கு வந்தார்.

மகள் முதலில் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். அப்புறம்தான் குனிந்தாள். பட்டறைப் பழக்கம், வேறொன்றுமில்லை என்று பிறகு தனக்கே சொல்லிக்கொண்டாள்.

தெருமுனை கிளினிக்கிலிருந்து டாக்டர் ஓடி வந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். மண்டியிட்டு, அவருடைய சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். அவள் அழவில்லை. அதிர்ச்சியில் அழுகை வராது என்று சுற்றியிருந்தவர்கள் அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

மத்தியானத்துக்குள் கூடம் நிறைந்துவிட்டது. பெரியப்பா தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து விசும்பினார். டீக்கடைக்காரர் வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொன்னார். மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, சொல்லச் சொல்ல உதையின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. முதலில் ஐந்தாறு என்றார், அப்புறம் இரண்டு மூன்று. மூன்று மணிக்கெல்லாம் அது ஒன்றாகிவிட்டது. "ஒரே உதை. வண்டி கிளம்புச்சு, மனுசன் போயிட்டாரு. ராஜா மாதிரி சாவு."

"என் தம்பி கடைசி வரைக்கும் பேரைக் காப்பாத்திட்டான்," என்றார் பெரியப்பா. கூடமே ஆமாம் போட்டது. மகளுக்குச் சிரிப்பு வந்தது. துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் அழுகை என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அப்போதுதான் பழைய இரும்புக் கடைக்காரர் வந்தார். நல்ல மனிதர், வாய்தான் பூட்டில்லாத வாய். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்து, கதையைக் கேட்டதும், "அந்தக் குட்டக் கிக்கர்லயா ஒரே உதைல?" என்று வியந்தார். "பொண்ணுகிட்ட நீளமானதத்தான் எடுத்துக்கச் சொன்னேன். குட்டைய உதைக்கிறதுக்குள்ள உயிரே போயிடும்னுகூடச் சொன்னேன். அதுதான் கேக்கல."

கூடத்தில் பேச்சு நின்றது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"நீளமானது இருந்துச்சா? அப்புறம் ஏம்மா இத எடுத்த? அவன் உடம்பு தெரிஞ்சும்?"

அப்பாவிடம் மகள் இது மட்டும்தான் கிடைத்தது என்று சொன்ன அதே பொய் இங்கே செல்லாது. விற்றவரே எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் சொன்னேன்," என்றாள் அம்மா.

எல்லோரும் திரும்பினார்கள். அம்மா தலையைத் தூக்கவில்லை. "நீளமா இருந்தா, பின்னாடி உக்காந்து போறப்போ கிக்கர்ல சேலை மாட்டும்னு. நான்தான் குட்டையா வாங்கிட்டு வரச் சொன்னேன்."

மகள் இரண்டு கிக்கரைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பெரியப்பாவின் முகம் தளர்ந்தது. "அதுவும் சரிதான். பொம்பளைங்க உக்காரணுமே," என்றார். முப்பத்தாறு வருஷத்தில் அம்மாவை ஒரு நாள்கூட அப்பா வண்டியில் ஏற்றியதில்லை. அவர் முன்னால் போவார், அம்மா சாய்ந்து சாய்ந்து பின்னால் நடந்து வருவாள். அந்தக் கூடத்தில் பாதிப் பேர் அதைக் கண்ணால் பார்த்தவர்கள்தான்.

ஆனால் இரும்புக் கடைக்காரருக்கு உறுத்தியது வேறு. கிக்கர் இருப்பது வண்டியின் வலப்பக்கம். சேலை கட்டியவர்கள் உட்கார்ந்து கால் தொங்கப் போடுவது இடப்பக்கம். நீளமோ குட்டையோ, கிக்கருக்கும் சேலைக்கும் சம்பந்தமே கிடையாது. வண்டியில் ஒரு தடவை ஏறியவர்களுக்குக்கூட அது தெரியும். அவர் வாயைத் திறந்தார். அம்மாவின் கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்து வெளுத்திருந்தது அவர் கண்ணில் பட்டது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாக்கா," என்றார். "மாட்டும். ரொம்ப ஆபத்து."

மறுநாள் எல்லாம் முடிந்து, பெரியப்பாவும் ஊருக்குக் கிளம்பிய பிறகு, மகள் பட்டறையைத் திறந்தாள். வண்டியை யாரோ உள்ளே தள்ளி ஸ்டாண்டு போட்டிருந்தார்கள். செல்ஃப் வயரைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு வலப்பக்கமாகப் போய் நின்று, பின் சீட்டில் கையூன்றி ஏறப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் இல்லம்மா. இந்தப் பக்கம்."

அம்மா குனிந்து கிக்கரைப் பார்த்தாள். நிமிர்ந்து இடப்பக்கத்தைப் பார்த்தாள்.

"அப்ப சேலை?"

"மாட்டாது."

அம்மா சீட்டிலிருந்து கையை எடுத்தாள். "கடைக்காரருக்குத் தெரிஞ்சிருக்குமே," என்றாள்.

"தெரியும்."

அம்மா இடப்பக்கம் சுற்றி வந்து, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். சேலையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எத்தனைல கிளம்புச்சு?"

"பதினொண்ணு."

"பத்து வரைக்கும் எண்ணினேன்," என்றாள் அம்மா. "அதுக்குள்ள பால் பொங்கிடுச்சு."

அம்மா இரண்டு காலையும் அந்தரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கால எங்க வைக்கிறது?"

பின் சீட்டுக்கான கால்மிதி வண்டி வாங்கிய நாளிலிருந்து மடங்கியே இருந்தது, இறுகிப் போயிருந்தது. மகள் கீழே உட்கார்ந்து, சுத்தியலின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டி, அதைத் திறந்துவிட்டாள்.