மீட்டர் அறுபதுதான் காட்டியது

1

இந்தக் கதை முழுக்க என்னுடையது அல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் வந்து சட்டையைப் பிடிக்கக் கூடாது. என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. எனக்கு முன் இரண்டு பேர் கைமாறி வந்தது. சில காலைகளில், ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகமுள் பூஜ்யத்தில் விழும், எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரியும், ஸ்டியரிங் கல்லாகிவிடும். அடுத்த நிமிடம் பூனை மாதிரி சாதுவாக ஓடும். அதைக் காட்டப்போன பட்டறையில், எலக்ட்ரிஷியன் ஒருவர் கையில் ஒரு துண்டு டேப்பை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கதை பிறந்தது அங்கேதான்.

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் அல்லாடினேன். முதல் முயற்சி:

"ஒரு காருக்குள் பன்னிரண்டு பேர் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள், அவர்களில் ஒருவர் —"

[நிறுத்திவிட்டேன். இதைப் படிப்பவர் கொலையை எதிர்பார்ப்பார்.]

2

அறுபதுக்கு வயது ஐம்பத்திரண்டு.

இது பரவாயில்லை. இப்படியே போகலாம்.

அந்த எலக்ட்ரிஷியனுக்கு 'அறுபது' என்ற பட்டப்பெயர் வந்தது வயதால் அல்ல, வாயால். இந்தக் காலத்துக் காரில் இன்ஜினுக்கு ஒரு பெட்டி, பிரேக்குக்கு ஒரு பெட்டி, கதவுக்கு ஒரு பெட்டி என்று குட்டிக் கம்ப்யூட்டர்கள் ஒரு டஜன் இருக்கின்றன. எல்லாம் முறுக்கிவிட்ட இரண்டே வயர்கள் வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன. அந்த வயர்களின் இரு முனைகளிலும் நூற்றிருபது ஓமில் ஒவ்வொரு ரெசிஸ்டர், அதாவது மின்தடை, இருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தால், இரண்டும் சேர்ந்து அறுபது காட்டும்.* காட்டினால் வயர் சுகம். "அறுபது வந்தா போதும், மிச்சத்த பாத்துக்கலாம்" என்று இருபது வருடம் சொன்னவரை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்?

* இரண்டு நூற்றிருபது சேர்ந்தால் இருநூற்று நாற்பது அல்லவா என்று நானும் கேட்டேன். "அது பள்ளிக்கூடக் கணக்கு மேடம். ரெண்டையும் இணையா போட்டா பாதியாயிடும்" என்றார்.

3

கோளாறு கண்டுபிடிக்கும் முறை எளிது, ஆனால் ஓர் ஆளால் ஆகாது. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து மீட்டரைப் பார்க்க வேண்டும். இன்னொருவர் ஒவ்வொரு பெட்டியாகப் பிளக்கைக் கழற்றி, "இப்ப?" என்று கேட்க வேண்டும். எதைக் கழற்றும்போது எண் மாறுகிறது, எதைக் கழற்றினால் மாற வேண்டிய எண் மாறவில்லை என்பதில்தான் துப்பு.

அன்று சீட்டில் உட்கார்ந்தது நான்.

"நம்பர் மட்டும் சொல்லுங்க மேடம். கருத்து வேணாம்."

அந்த இடத்தில் ஒரு காலத்தில் அவருடைய தங்கை வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அப்போது இருவருக்கும் ஒரே பட்டறை. மாப்பிள்ளை எண்ணைச் சொல்லும் விதமே தனி. "மச்சான், அறுபது, அறுபது, அறுபது… போச்சு, நூத்திருபது" என்று செய்தி வாசிப்பவர் போல நீட்டுவார். அறுபது காருக்கு அடியிலிருந்தே சிரிப்பார். மத்தியானம் தங்கை இருவருக்கும் ஒரே தூக்கில் சாப்பாடு அனுப்புவாள். யாருக்கு எது என்று பிரிப்பதில் எலியும் பூனையுமாகச் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் மூடியிலேயே இருவரும் சாப்பிடுவார்கள். அறுபது அந்த நாட்களுக்கு இன்றும் ஏங்குகிறார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் நான் எண் சொன்னபோதெல்லாம் ஒரு நொடி கழித்துத்தான் "ம்" என்றார், இன்னொரு குரலுக்குக் காத்திருந்தவர் போல.

4

பதினொரு வருடத்துக்கு முந்தைய சண்டையை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஒரு பேக்கரிக்காரரின் வெள்ளைக் கார். அதில் சில பெட்டிகள் பேசவில்லை. அன்று அறுபது வெளியே போயிருந்ததால் மாப்பிள்ளை தனியாகப் பார்த்தார். மீட்டர் அறுபது காட்டியது. வயர் சரி, அப்படியென்றால் இன்ஜின் பெட்டிதான் போயிருக்கிறது என்றார். பேக்கரிக்காரர் அதை மாற்றினார். கோளாறு அப்படியே இருந்தது. பட்டறை வாசலில் நாலு பேர் முன்னால் அவர் கத்த, அறுபது மாப்பிள்ளையிடம் திரும்பினார்.

"மீட்டர் பாக்கத் தெரியாதவன்லாம் எதுக்கு இந்தத் தொழிலுக்கு வரணும்?"

"மீட்டர் அறுபதுதான் காட்டுச்சு மச்சான்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். வேறு தெருவில் தனியாகக் கடை வைத்தார். அதன்பிறகு தங்கை மட்டும் பெண்ணை அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வருவாள். மாப்பிள்ளை தெருமுனை வரை கொண்டுவந்து இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

[பெட்டிகள் பேசவில்லை, மனிதர்களும் பேசவில்லை என்று இங்கே ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். எழுதும்போதே கூச்சமாக இருந்தது. எடுத்துவிட்டேன்.]

5

என் காருக்கு வருவோம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சோதனைச் சாக்கெட்டில் மீட்டர் அறுபது காட்டியது. அவர் டேஷ்போர்டைக் கழற்றி, வேகமுள் இருக்கும் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். ஒரு முனை ரெசிஸ்டர் அதற்குள்தான். பிடுங்கினால் எண் நூற்றிருபதாக வேண்டும்.

"இப்ப?"

"அறுபது."

"கண்ணாடி போட்டுப் பாருங்க."

"போட்டுத்தான் இருக்கேன். அறுபது."

அவரே எட்டிப் பார்த்தார். அறுபதுதான். அந்த முனை செத்துப்போய், வேறெங்கோ ஒரு திருட்டு ரெசிஸ்டர் அதன் வேலையைப் பார்க்கிறது என்று புரிந்துவிட்டது. வயர்க் கட்டை விரலால் தடவிக்கொண்டே போனார். சாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு தடிப்பு, அதைச் சுற்றிக் கறுப்பு டேப். அதன் நுனி மடிக்கப்பட்டு, சிறிய காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

அறுபதைத் தவிர யாரும் அப்படி ஒட்டுவதில்லை. அடுத்துப் பிரிப்பவனுக்கு நகம் உடையக் கூடாது என்று அவர் வைக்கும் காது அது. மாப்பிள்ளை அதைச் சொல்லியே கேலி செய்வார்.

அவர் கதவின் ரப்பரைத் தூக்கிப் பார்த்தார். என் காரின் நீலப் பெயின்ட்டுக்கு அடியில் பழைய வெள்ளை இருந்தது.

அப்போதுதான் தரையில் உட்கார்ந்தார். அந்த வெள்ளைக் காரில் அவர் டேப் ஒட்டியது, தங்கைக்குப் பிரசவ வலி என்று மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்த நாளில். பேக்கரிக்காரர் அவசரப்படுத்தினார். ரெண்டு நாளைக்கு ஓடட்டும், புது வேகமுள் பெட்டி வந்ததும் மாற்றலாம் என்று இவரேதான் அந்த ரெசிஸ்டரைப் பற்றவைத்தார். முனையில் இருக்க வேண்டியதை நடுவில் வைத்தால் பாதி நாள் ஓடும், பாதி நாள் உளறும் என்பது அவருக்குத் தெரியும். டேப் ஒட்டி முடிப்பதற்குள் பெண் குழந்தை என்று போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடினார். மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்துக் கார் திரும்பி வந்தபோது, மாப்பிள்ளை சரியாகத்தான் மீட்டர் பார்த்தார். அதைப் பொய் சொல்ல வைத்தவர் அறுபது.

6

இங்கேதான் எனக்கு என் பாத்திரத்தின் மேல் சந்தேகம். குழந்தை பிறந்த சந்தோஷத்தில் மறந்தார், சரி. வாசலில் நின்று கத்தியபோதுமா ஞாபகம் வரவில்லை?

கேட்டேன். அவர் டேப்பை உருட்டிக்கொண்டே, "மறந்துட்டேன்னு எழுதுங்க" என்றார்.

எழுதினேன். ஒரு வாரம் கழித்து, சரிசெய்த காரின் சாவியை என்னிடம் கொடுத்தபோது, சாவியை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"அந்த மறந்துட்டேன்ங்கறத அடிச்சிடுங்க மேடம். கத்திட்டு இருக்கும்போதே ஞாபகம் வந்துச்சு. நாலு பேரு நின்னாங்க. சொல்ல வாய் வரல."

"அப்புறம்?"

"அப்புறம் நாள் ஆக ஆக, சொன்னா எதுக்கு இத்தன நாள் சொல்லலன்னு கேப்பானே."

அடித்துவிட்டேன். மறதியை மாப்பிள்ளை மன்னித்துவிடுவார். இதை மன்னிப்பாரா என்பதுதான் அவருக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

7

போனில் என்ன சொல்லலாம் என்று என்னையே எழுதித் தரச் சொன்னார். எழுதுபவள்தானே. மூன்று விதமாக எழுதினேன்.

"மாப்ள, காலம் நமக்குள் —"

"யாரு இது பேசறது?" என்றார்.

"மாப்ள, ஒரு பழைய கார் வந்துச்சு —"

"கார் மேல பழி போடற மாதிரி இருக்கு."

மூன்றாவதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். "நான் என் வாயால அவன்கிட்ட சொன்னதுக்கப்புறம்தான் இது அச்சுல வரணும்." சரி என்று வாக்குக் கொடுத்தேன். எட்டு மாதமாயிற்று. பார்க்கும்போதெல்லாம், "இந்த வாரம் மேடம்" என்கிறார்.

ஆகவே வாசகரே, இது உங்கள் கையில் இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். அவர் சொல்லிவிட்டார், அல்லது நான் வாக்குத் தவறிவிட்டேன். எது என்று நான் சொல்லப் போவதில்லை. உங்கள் மனசுக்கு எந்த மனிதர் வேண்டுமோ அவரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவேளை நீங்கள் அந்த மாப்பிள்ளையாகவே இருந்து, அவர் இன்னும் வந்திருக்காவிட்டால், சட்டைப்பையில் இருக்கும் அந்த மூன்றாவது தாளில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். "மாப்ள, நீ சரியாத்தான் பாத்த. எனக்கு அப்பவே தெரியும்." அவ்வளவுதான். மீதியை அவர்தான் சொல்ல வேண்டும். அடுத்த முறை அவர் தங்கையை இறக்கிவிட வரும்போது, தெருமுனையில் வண்டியைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் நிற்க முடியுமா என்று பாருங்கள்.