விழாது என்று எழுதியவள்

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் மார்க்கம் நகரத்தில் பனி விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. எங்கள் அலுவலகத்தில் ஜன்னலோர மேஜை ரோவீனா டங்க்லியுடையது. கணினிக்கான கிராபிக்ஸ் கார்டு செய்கிற கம்பெனி எங்களுடையது. திரையில் தெரிவதையெல்லாம் வரைவது கார்டு. கணினி சொல்வதை அந்தக் கார்டுக்குப் புரியவைக்கிற மென்பொருள்தான் டிரைவர். டிரைவர் தடுமாறினால் எத்தனை விலை கொடுத்து வாங்கிய கார்டும் வெறும் தகடு. இவற்றை விற்பதற்கான வரிகளை ரோவீனா எழுதுவாள். எதிர் மேஜையிலிருந்து நான் அந்த வரிகளுக்குப் படம் போடுவேன்.

ஜனவரியில் ஒருநாள் மார்க்கெட்டிங் தலைவர் அலிஸ்டர் கையில் காபியோடு வந்து அவள் மேஜை ஓரத்தில் உட்கார்ந்தார்.

"வெளி ஆய்வுக்கூடம் ஒண்ணு நம்ம டிரைவரையும் மத்தவங்களோடதையும் வச்சு சோதிச்சுப் பார்த்திருக்கு. நம்மதுதான் முதல்ல வந்திருக்கு. துறையிலேயே மிக நிலையான டிரைவர்னு சொல்லிக்கலாம், வக்கீல் பார்த்து சரின்னுட்டாங்க. ஆனா அப்படியே போட்டா வாசல்ல மாட்டுற பெயர்ப்பலகை மாதிரி இருக்கு. நீ உயிர் குடு."

"நிலையானதுன்னா என்னன்னு நான் ஒரு தடவை கண்ணால பார்க்கணுமே," என்றாள் ரோவீனா.

"அது பார்க்கிற விஷயமா? எதுவுமே நடக்காம இருக்கிறதுக்குப் பேருதான் அது."

ஆனாலும் அவள் கீழ்த்தளத்துச் சோதனை அறைக்குப் போனாள். அங்கே ஒரு சுவர் முழுக்கத் திரைகள். எல்லாவற்றிலும் ஒரே கடல். கார்டை ஓயாமல் வேலை வாங்குவதற்கென்று எழுதிய கடல் அது. அலை எழும்பும், நுரைக்கும், மணலில் ஏறித் திரும்பும். சத்தம் மட்டும் இருக்காது. விசிறிகளின் மெல்லிய இரைச்சல்தான் அந்தக் கடலுக்குக் குரல். அறைக்குப் பொறுப்பாளர் பெஹ்ரூஸ், ஷிராஸிலிருந்து வந்து இந்த ஊரிலேயே தலை நரைத்தவர். பல்லிடுக்கில் சர்க்கரைக்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடிப்பார். பிடித்தவர்களின் பெயரோடு, தன் ஊர் வழக்கப்படி, அன்பாக 'ஜான்' என்று சேர்த்துக் கூப்பிடுவார்.

ரோவீனாவுக்கு அந்த இடம் பிடித்துப் போய்விட்டது. மதியச் சாப்பாட்டைக் கீழேயே கொண்டுபோனாள். மாட்டிறைச்சி பஃப்பைத் தேங்காய் ரொட்டிக்குள் வைத்துக் கடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெளியே வாகன நிறுத்தம் வெள்ளையாக மூடிக் கிடக்கும். உள்ளே வெயிலடிக்கிற கரை. தன் அம்மா பிறந்த ஜமைக்காவை அவள் பார்த்ததே இல்லை. அந்தத் திரைகளின் முன்னால், பார்க்காத அந்தத் தீவில் கால் நனைத்தமாதிரி இருக்கிறது என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

ஒரு மதியம் நானும் அவளோடு கீழே இருந்தேன். கீழ் வரிசையில் ஒரு திரையில் அலை பாதி எழும்பிய நிலையில் நின்றது. நுரை அப்படியே தொங்கியது. அதன்மேல் ஊதாவும் பச்சையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் பூத்தன. திரை கறுத்தது. ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் கடல் திரும்ப வந்து, ஒன்றுமே நடக்காததுபோல அசைந்தது.

"பெஹ்ரூஸ், அது இப்ப படுத்துடுச்சுதானே?"

"படுத்துது. எழுந்தும் உட்கார்ந்துடுச்சு, ரோவீனா ஜான். டிரைவர் தானே விழுந்து தானே எழுந்தா, சோதனை விதிப்படி அது விழுந்ததாவே கணக்கில்ல. எல்லா கம்பெனிக்கும் அதே விதிதான். அதனால பொய்யுன்னு சொல்ல முடியாது."

"உண்மைன்னு சொல்லலாமா?"

அவர் கோப்பையின் அடியைப் பார்த்தார். "நான் திருத்துறவன். சொல்றவங்க நீங்க."

அவள் மேலே போய் அலிஸ்டரிடம் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. "கண் சிமிட்டுற நேரம், ரோவீனா. எந்தக் கடையில வாங்கினாலும் அதுதான் கதி. நம்மகிட்ட கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்," என்றார். அவர் சொன்னதும் தப்பில்லை. அன்று சாயங்காலம் அவள் எழுதினாள்: 'உங்கள் உலகம் விழாது. துறையிலேயே மிக நிலையான டிரைவர்.' எல்லோருக்கும் பிடித்தது. நான்தான் அதற்குப் படம் போட்டேன்: நீலத்துக்குமேல் நீலமாக அடுக்கிய ஒரு வானம்.

அவள் கணவன் காசிமிருக்கு அந்த வானம் ரொம்பப் பிடித்தது. சிம்கோ ஏரிக்கரையில் உள்ள சின்னக் கோளரங்கத்தை நடத்துகிறவன் அவன். பழைய புரஜெக்டர் பழுதாகி, கூரைக்குமிழி முழுக்கக் கணினி வழியாக நட்சத்திரங்களைக் காட்டலாம் என்று ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். பல கார்டுகள் சேர்ந்து ஒரே வானத்தை வரைய வேண்டும்.

"உங்களோடதையே வாங்கிட்டேன் ரோவி. என் பொண்டாட்டி விழாதுன்னு எழுதியிருக்கா, அப்புறம் என்ன," என்றான்.

அவள் அந்த நின்றுபோன அலையைப் பற்றி வாயெடுத்தாள். அவனோ பெட்டிகளைப் பிரித்துக்கொண்டு, சின்னப்பிள்ளைபோல சீட்டியடித்துக்கொண்டிருந்தான். அப்புறம் சொல்லலாம் என்று விட்டுவிட்டாள்.

அலிஸ்டருக்கு விஷயம் தெரிந்ததும் கேமராக்காரரையும் கூட்டிக்கொண்டு அங்கே கிளம்பிவிட்டார். அதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா? நாங்களும் போனோம். பிப்ரவரி ஞாயிறு மதியம். ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக, பனிபடிந்த பூட்ஸைக் கழற்றிவிட்டு, சாய்ந்த இருக்கைகளில் படுத்தார்கள். விளக்குகள் தணிந்தன. வானம் வந்தது.

அப்படியொரு வானத்தை நான் கண்டதில்லை. பால்வீதி தலைக்குமேல் மெதுவாகச் சுழன்றது. நாங்கள்தான் இருக்கையோடு எங்கோ மிதந்து போவதுபோல இருந்தது. யாரோ தூக்கத்தில் பேசுகிற குரலில், "வீட்டுக்குப் போகணுமா என்ன," என்றார்கள். இரண்டு மூன்று பேர் மெல்லச் சிரித்தார்கள்.

அப்போது சுழற்சி நின்றது. வானத்தின் ஒரு பக்கம் மட்டும் நகர, மறுபக்கம் உறைந்து, நடுவில் ஒரு கிழிசல் விழுந்தது. கிழிசலின் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாகக் கட்டங்கள். பிறகு இருட்டு. ஒரு கணம் திரும்பி வந்தது. மறுபடி இருட்டு. இந்தத் தடவை வரவில்லை.

காசிமிர் பொத்தான்களைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அப்புறம் ஒலிபெருக்கியில் ரோவீனாவின் குரல் வந்தது.

"பயப்படாதீங்க. கதவு அங்கேயேதான் இருக்கு. கண்ணை மூடிக்குங்க, இருட்டுக்கும் அதுக்கும் இப்ப வித்தியாசம் இல்ல. கடைசியா எந்த நட்சத்திரத்தைப் பார்த்தீங்களோ அதைப் பிடிச்சுக்குங்க."

குழந்தையின் அழுகை விசும்பலாகக் குறைந்தது. அவள் பேசிக்கொண்டே போனாள். நின்ற இடத்திலிருந்து வானத்தைத் தன் சொல்லாலேயே நகர்த்தினாள். ஒவ்வொரு நட்சத்திரமாக ஏரியில் இறங்கியது, பனிக்கட்டிக்கு அடியில் மீன்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பின. என் பக்கத்திலிருந்தவரின் மூச்சு சீராவது எனக்குக் கேட்டது. பிறகு குரல் சற்றே மாறியது.

"காசிமிர், இதையும் கேட்டுக்கோ. விழாதுன்னு எழுதினது நான். எழுதுறதுக்கு முன்னாடியே இது விழுறதை என் கண்ணால பார்த்தேன். உன்கிட்ட சொல்லல."

பொத்தான்களைத் தட்டுகிற சத்தம் நின்றது. அப்புறம் அவன் குரல், மைக் இல்லாமல், "சரி. மீன் கிட்ட நிறுத்தியிருக்கே. மேல சொல்லு," என்றது. கூட்டம் சிரித்தது. வானம் அன்று திரும்பவே இல்லை. ஆனால் டிக்கெட்டைத் திருப்பிக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

திரும்புகிற வழியில் அலிஸ்டர் காரை மெதுவாகவே ஓட்டினார். "கேமராவுல ஒண்ணும் விழல. வெறும் கறுப்பு. உன் குரல் மட்டும் இருக்கு," என்றார்.

"வக்கீல்கிட்ட போட்டுக் காட்டுங்க," என்றாள் ரோவீனா.

நிஜமாகவே போட்டுக் காட்டினார். அடுத்த முறை அச்சான பெட்டிகளில் 'விழாது' இல்லை. 'மிக நிலையான' இருந்தது, அதன் அடியில் எந்தச் சோதனை, எந்த விதி என்று படிக்கிற அளவு எழுத்தில். விற்பனை கொஞ்சம் சரிந்ததாகச் சொன்னார்கள். அவளை யாரும் வெளியேற்றவில்லை, பாராட்டவும் இல்லை. அவளே கேட்டு வேலை மாறினாள்.

ஒவ்வொரு புது டிரைவரோடும், இதில் இன்னும் தீராத கோளாறுகள் இவை என்று ஒரு பக்கம் வரும். யாரும் சீண்டாத பக்கம் அது. அதை அவள் எழுத ஆரம்பித்தாள். முதல் பதிவு இப்படி இருந்தது: 'பல கார்டுகள் சேர்ந்து ஒரு குமிழியில் வானத்தை வரையும்போது, அது நடுவில் கிழிந்து அணையக்கூடும். பார்வையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.' சில மாதங்களில், விளம்பரத்தைவிட அந்தப் பக்கத்துக்காகக் காத்திருக்கிறோம் என்று ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் எழுதினார்கள்.

ஏரியில் பனிக்கட்டி உடைந்த வாரம் காரணம் கிடைத்தது. திருத்திய டிரைவரை பெஹ்ரூஸ் தானே எடுத்துக்கொண்டு ரோவீனாவோடு கோளரங்கத்துக்குப் போனார். காசிமிர் எல்லாக் கார்டுகளையும் ஓடவிட்டான். சரியாக இருக்கிறதா என்று பார்க்க பெஹ்ரூஸ் கம்பளத்தில் மல்லாந்து படுத்தார். வானம் சுழன்றது, கிழியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் குறட்டை விட ஆரம்பித்தார்.

"எழுப்பட்டுமா?" என்றான் காசிமிர்.

"விடு," என்றாள் ரோவீனா. தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தினாள்.