கிளம்பிட்டேன், தாழ் போட்டுடாத

என் தம்பிக்கு ஆபீஸில் ஆமை என்று பெயர். எங்கே கிளம்பினாலும் வழியில் யாரிடமாவது பேச்சுக் கொடுத்து நின்றுவிடுவான். கல்யாணமான புதிதில் இதற்காக மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள, ஒரு தந்திரம் செய்தான். ஆபீஸ் விடும் நேரத்துக்கு அவன் கணக்கிலிருந்து அவள் போனுக்குத் தானாக ஒரு செய்தி போகும்: 'கிளம்பிட்டேன். தாழ் போட்டுடாத.' அது போகும்போது ஐயா கேன்டீனில் கதையளந்துகொண்டிருப்பார். அவளுக்கும் தெரியும். இருந்தாலும் எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்துவிடுவாள்.

அதே கேன்டீனில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். அந்த ஆபீஸின் பேக்கப் அறை என் பொறுப்பு என்பதால் அவன் கணக்கை மூடியதும் நான்தான். செய்தி நின்றது. அவள் அழுது ஓய்ந்தாள், பொழுது சாய்ந்ததும் தாழ் போடப் பழகினாள், தையற்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். "இப்பல்லாம் தூக்கம் வருது அண்ணி" என்று நாத்தனாரான என்னிடம் அவள் சொன்ன அன்றுதான் எனக்கும் மூச்சு வந்தது.

எங்கள் வேலை இதுதான். சர்வரில் இருப்பதெல்லாம் டேப்பில் ஏறும். ஒவ்வொரு டேப்புக்கும் அச்சு அசலாக ஒரு குளோன் எடுத்து, ஊருக்கு அந்தப் பக்கம் வேறொரு கட்டடத்தில் வைப்போம். மாதக் கடைசியில் டேப்பிலிருந்து ஒரு நகல் ஆப்டிகல் டிஸ்க்கிலும் போகும். அதில் எழுதினால் எழுதியதுதான், அழிக்க முடியாது.

ஒருநாள் சர்வர் படுத்துவிட்டது. டேப்பில் எழுதும் டிரைவ் மாதக்கணக்கில் கெட்டிருந்தது தெரியாமல் எழுதியதால் சமீபத்து டேப்புகள் எதுவும் படிக்க வரவில்லை. அவற்றிலிருந்து எடுத்த குளோன்களும் டிஸ்க்குகளும் அதே கோளாறோடு பிறந்தவை. மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு "ஆச்சா, ஆச்சா" என்று உயிரை வாங்கினார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். கடைசியில் பழைய குளோன் ஒன்று பிழைத்திருந்தது. வரவழைத்து ஏற்றினேன். எல்லாம் எழுந்து உட்கார்ந்தது. அந்த டேப் எழுதப்பட்டபோது என் தம்பி உயிரோடு இருந்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

சாயங்காலம் அவள் போன் செய்தாள். "அண்ணி, அவர் கிளம்பிட்டாராம்."

அந்தக் குரலில் அழுகையே இல்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியிருக்கிறது. ஓடினேன். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அவள் தலை வாரிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"பழைய டேப்பும்மா. அதுக்கு அவன் போனது தெரியாது. நாளைக்கே நிறுத்திடறேன்."

"தெரியுது அண்ணி, நான் என்ன பைத்தியமா? நிறுத்த வேணாம். அது பாட்டுக்கு வந்துட்டுப் போகட்டும்."

நிறுத்த மனசு வராமல் விட்டுவிட்டேன். மெல்ல மெல்லத் தையற்கடைக்குப் போவதை நிறுத்தினாள். கதவைத் திறந்து போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் போனபோது சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டு இருந்தது. ஒன்று எனக்கு என்று நினைத்து உட்காரப் போனேன். "அங்க உக்காராதீங்க அண்ணி" என்றாள்.

தம்பியைத்தான் தொலைத்தேன், இவளையும் தொலைக்க மாட்டேன். மறுநாள் காலை அவன் கணக்கை இரண்டாம் முறை மூடினேன். முதல் முறையைவிட வலித்தது. அதற்குள் மாதக் கடைசி கடந்து, அந்தச் செய்தி அந்த மாதத்து ஆப்டிகல் டிஸ்க்கிலும் ஏறியிருந்தது. டிஸ்க்கை உடைத்தால் அதிலுள்ள ஆபீஸ் கணக்கு வழக்கு அத்தனையும் போகும். இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். போன் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. நேரம் வந்தது, போனது.

"நிறுத்திட்டீங்களா?"

"ஆமா."

போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். பிறகு தட்டு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"சரி அண்ணி. நீங்களே போய்த் தாழ் போட்டுட்டு வாங்க. எனக்குக் கை வரல."

வாசலுக்குப் போய்த் தாழ்ப்பாளைப் பிடித்தேன். வெளியே தெருவில் யாரோ யாரிடமோ நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு முடியட்டும் என்று நானும் நின்றேன்.

"போட்டுட்டீங்களா அண்ணி?"

"போட்டாச்சும்மா" என்றேன். போடவில்லை.