பூசணிப்பூவுக்கு வேலி

போன மார்கழி முப்பது நாளும் என் கோலத்தில் ஒரு பூசணிப்பூ கிடையாது. எதிர்வீட்டு சுப்புலக்ஷ்மி மாமி தினமும் விடியற்காலையில் தன் கோலத்துச் சாணி உருண்டைகளில் ஐந்து பூவைச் செருகிவிட்டு, "ஏண்டி ஜலஜா, உங்காத்துக் கொடி இன்னும் பூக்கலையா?" என்பாள். பூக்காமல் என்ன? பூத்ததெல்லாம் நான் பறிப்பதற்குள் மாயமாகிக்கொண்டிருந்தது. தெரு ஆடுகள்தான் என்று நான் கல்லும் கையுமாக நின்றது மயிலாப்பூருக்கே தெரியும்.

இந்த வருஷம் மாமியின் வாயை அடைத்தே தீருவது என்று, ராயப்பேட்டையிலிருந்து வேலிக்காரர் மெஹபூப் அலியை வரவழைத்தேன். உலகச் சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட கம்பிவலைச் சுருளோடு வந்தார். வந்தவர் அளவெடுக்கவில்லை. கொடியருகே குந்தி உட்கார்ந்து, பூ போன காம்புகளைப் புரட்டிப் பார்த்தார்.

"ஆடு இல்லம்மா. ஆடுன்னா நறுக்குனு கடிச்சிருக்கும். இது நாக்கால வளைச்சி இழுத்துகீது. மாடு."

"எந்தக் கடங்கார மாடோ! நாலு கால் இருக்கற எதுவும் இனிமே உள்ள வரப்படாது."

"எதுவுமேவா? நல்லா ரோசன பண்ணிக்கினு சொல்லுங்கம்மா. பெரிய வழி ஒண்ணு உட்டுடறேன்."

"ஒண்ணும் வேண்டாம். மனுஷா நுழைஞ்சாப் போறும்!"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார். இரண்டே நாளில் தெருவோரமாகச் சவுக்குக் கட்டை நட்டு, வலையை விறைப்பாக இழுத்துக் கட்டி, ஓர் ஆள் மட்டும் வளைந்து நுழையும்படி வழி வைத்தார். என் கணவர் அதில் இரண்டு தரம் போய்வந்து பார்த்து, "பேஷ்" என்றார்.

வேலி முடிந்த மறுநாளே மார்கழி முதல் தேதி. கொடியில் ஐந்து பூ! சந்தோஷத்தில் எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. வழக்கத்தைவிடச் சீக்கிரமே பூவைப் பறித்து, வேலிக்கு வெளியே தெருவாசலில் பெரிய கோலமாகப் போட்டு, ஐந்தையும் வைத்துவிட்டு, எதிர்வீட்டுக் கதவு திறக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அதற்குள் பால்காரர் கருணாகரன் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். தினமும் அதைக் கொடி படர்ந்த கொல்லையில் கட்டி, என் கண்ணெதிரே கறந்து கொடுப்பார். இன்று மாடு வேலி வளைவில் தலையை விட்டதோடு நின்றுவிட்டது.

"இன்னாம்மா இது? மாடு எப்டி உள்ள வரும்?"

எங்கள் பால்மாட்டுக்கும் நாலு கால் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளேயிருந்து கணவர், "ஜலஜா, காப்பி!" என்றார்.

"இங்கயே கறந்துடுங்கோ" என்று தெருவிலேயே செம்பை நீட்டினேன். தண்ணீர் கலந்துவிடுவாரோ என்று செம்பைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நுரை விளிம்புக்கு வந்தபோது எதிர்வாசலிலிருந்து மாமி கத்தினாள்: "அடியே, கோலம்!"

திரும்பினேன். மாடு கடைசிப் பூவை நாக்கால் வளைத்து இழுத்துக்கொண்டிருந்தது.

"அடப்பாவி! நீதானா அது?"

"அது டெய்லி துன்றதுதாம்மா" என்றார் கருணாகரன், வெகு சாதாரணமாக. "நீங்க செம்பு எடுக்க உள்ள போவீங்க இல்ல, அப்போ. பூ துன்னா பாலு நல்லா திக்கா வருது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமி தெருவைத் தாண்டி ஓடிவந்தாள். செம்பைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏண்டி, எங்காத்துக்கும் இந்த மாட்டுப் பால்தானே? அப்போ போன மார்கழி பூரா உன் பூவைத்தான் நான் காப்பியாக் குடிச்சிருக்கேனா!"

சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீரோடு எனக்கும் சிரிப்பு பீறிட்டது. ஒரு வருஷக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

மறுநாள் முதல் கோலத்தை வேலிக்கு உள்ளே போட்டேன். என் பூவைப் பார்க்க வேண்டுமானால் மாமிதான் அந்த வளைவில் ஒருக்களித்து, மூச்சைப் பிடித்து நுழைந்து வரவேண்டும். மார்கழி முழுக்க ஒருநாள் தவறாமல் வந்தாள். என் கோலத்தை ஆசை தீரப் பார்த்துவிட்டு, என் கையால் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, "பால்ல பழைய ருசி இல்லையேடி" என்று குறை சொல்லிவிட்டுத்தான் போவாள்.